சொந்தத் திராட்சத்தோட்டத்தைக் காக்காதவர்கள்

சகோதரி, உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். வேலை நாட்களில் 11 மணி நேரம் அலுவலகத்துக்கே போய்விடுகிறது. சனிக்கிழமை மாலை பாடகர் குழுப் பயிற்சி, ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி வகுப்பு, பிற்பகல் சபைக் கூட்டம். வீட்டுக்கு வந்தால் கணவரிடமும் இரண்டு பிள்ளைகளிடமும் எரிந்து விழுகிறீர்கள். அலுவலகத்தில் முடியாது என்றால் சாட்சி கெட்டுவிடுமோ என்று ஒரு பயம். சபையில் முடியாது என்றால் விசுவாசம் தணிந்துவிட்டது என்பார்களோ என்று இன்னொரு பயம். "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற கொலோசெயர் 3:23 வசனம் முன்னால் நிற்கும்போது எங்கே போய் நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தலாம். நிறுத்தச் சொல்லித்தான் நமக்குக் கட்டளையே இருக்கிறது. பத்துக் கட்டளைகளில் மிக நீளமானது கொலையைப் பற்றியதோ விபசாரத்தைப் பற்றியதோ இல்லை, ஓய்வுநாளைப் பற்றியது. கொலை செய்யாதே என்பதை இரண்டே சொற்களில் சொன்ன தேவன், வேலையை நிறுத்து என்பதற்கு மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகம், வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்கிறார். எங்கெல்லாம் நாம் நழுவப் பார்ப்போம் என்று தெரிந்து சொன்னதுபோல இருக்கும்.

இந்தக் கட்டளை வேதத்தில் இரண்டு இடங்களில் வருகிறது, இரண்டிலும் காரணம் வேறு. யாத்திராகமம் 20-ல் காரணம் படைப்பு: ஆறு நாளில் எல்லாவற்றையும் உண்டாக்கிய கர்த்தர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5-க்கு வந்தால் காரணம் எகிப்து: நீ அடிமையாயிருந்தாய், கர்த்தர் உன்னை அங்கிருந்து புறப்படப்பண்ணினார் என்பதை நினை. உங்கள் நிலைமைக்கு இந்த இரண்டாவது காரணம்தான் நெருக்கமானது என்று நினைக்கிறேன். யாத்திராகமம் 5-ஐ ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கர்த்தருக்குப் பண்டிகை கொண்டாட மூன்று நாள் விடுப்பு கேட்ட ஜனத்துக்குப் பார்வோன் கொடுத்த பதில், வைக்கோலை நிறுத்திவிட்டு அதே எண்ணிக்கைச் செங்கலைக் கேட்டது. அவர்களைப் பார்த்து அவன் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை "சோம்பலாயிருக்கிறீர்கள்". ஓய்வு கேட்கிறவனைச் சோம்பேறி என்று முதலில் அழைத்தது பார்வோன். இரவு எட்டு மணிக்குக் கணினியை மூடும்போது உங்கள் மனதுக்குள் அதே வார்த்தை கேட்டால், அது யாருடைய குரல் என்று யோசியுங்கள். நாமோ பல நேரம் அதை ஆவியானவரின் கடிந்துகொள்ளுதல் என்று தப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது நீங்கள் சொன்ன கொலோசெயர் வசனத்துக்கு வருவோம். 3:23 யாருக்கு எழுதப்பட்டது? ஒரு வசனம் மேலே போனால் தெரியும், அடிமைகளுக்கு. தங்கள் நேரத்தின்மேல் எந்த உரிமையும் இல்லாதவர்களிடம் பவுல் பேசுகிறார். உன் எஜமான் உன்னை மனிதனாகவே மதிக்காவிட்டாலும் உன் கை செய்யும் வேலையைக் கர்த்தர் பார்க்கிறார், அதற்குரிய பலனை அவர் தருவார் என்கிறார். எவ்வளவு பெரிய ஆறுதல் இது! அந்த ஆறுதலை எடுத்து, கூடுதலாக மூன்று மணி நேரம் உட்கார் என்ற உத்தரவாக மாற்றிவிட்டோம். வசனம் பேசுவது வேலையின் தரத்தையும் மனதையும் பற்றி. நேரத்தின் அளவைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. அதோடு பவுல் அங்கே நிறுத்தவும் இல்லை. நாலைந்து வரி தள்ளி எஜமான்களைப் பார்த்து, உங்கள் வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார் என்கிறார். 3:23-ஐச் சொல்லி வேலை வாங்குகிறவர்கள் 4:1-ஐச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

வேலையே ஒரு சாபம் என்று நான் சொல்ல வரவில்லை. ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனுஷன் வைக்கப்பட்டது ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில். பாவம் வருவது மூன்றாம் அதிகாரத்தில். வேலை முதலில் வந்தது, முள்ளும் குருக்கும் நெற்றி வேர்வையும் பின்னால் வந்தன. எபிரெயத்தில் அவோதா என்ற ஒரே சொல் வேலையையும் குறிக்கும், ஆராதனையையும் குறிக்கும். இயேசுவையே அவருடைய ஊரார் தச்சன் என்றுதான் அறிந்திருந்தார்கள். பவுல் கூடாரம் பண்ணினார். துறவியும் குருவும் மட்டும் தேவனுடைய அழைப்பைப் பெற்றவர்கள் என்று இருந்த காலத்தில், செருப்புத் தைக்கிறவனுக்கும் வீட்டு வேலை செய்கிறவளுக்கும் அதே அழைப்பு உண்டு என்று லூத்தர் 16-ஆம் நூற்றாண்டில் அழுத்திச் சொன்னார். ஆகவே உங்கள் அலுவலக வேலையும் பரிசுத்தமானதுதான். ஆனால் பரிசுத்தமான வேலைக்கும் ஒரு முடிவு நேரம் உண்டு என்பதை ஆதியாகமம் முதல் அதிகாரமே சொல்லிவிடுகிறது. "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று ஒவ்வொரு நாளும் முடிகிறது. சூரியனை உண்டாக்குகிற அன்றைக்கே மீனையும் பறவையையும் உண்டாக்கிவிட வேண்டும் என்று தேவன் அவசரப்படவில்லை. அது நாளைய வேலை.

அந்த வரியில் இன்னொன்றும் இருக்கிறது. சாயங்காலம் முன்னால் வருகிறது. யூதர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. அப்படியானால் ஒரு நாளின் முதல் வேலை தூங்குவது. நாம் தூங்கும்போது தேவன் வேலை செய்துகொண்டிருக்கிறார், நாம் எழுந்து நடுவில் போய்ச் சேர்ந்துகொள்கிறோம். இதைப் புரிந்துகொண்ட பிறகு இரவு விளக்கை அணைப்பதே எனக்கு ஒரு ஜெபம் மாதிரி ஆகிவிட்டது. 127-ஆம் சங்கீதமும் இதையே சொல்கிறது: அதிகாலையில் எழுந்து, நேரப்பட வேலையில் தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா; "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." தூக்கத்தைச் சம்பாதிக்க வேண்டியதாக அவர் வைக்கவில்லை. பிரியமானவர்களுக்குக் கொடுக்கிறார்.

எரிந்து விழுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதை ஆவிக்குரிய குறைவு என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைப் பார்த்த அதே எலியா. அவனுக்குத் தேவன் பிரசங்கம் அனுப்பவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் அனுப்பினார். சாப்பிட்டான், மறுபடி படுத்தான். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பாடுதான் கொடுத்தான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். இரண்டு தூக்கம், இரண்டு சாப்பாடு, அப்புறம் 40 நாள் நடை. ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகு. உடம்பு தேறும்வரை தேவன் பெரிய பேச்சு எதையும் எடுக்கவில்லை. அங்கேயும் "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று அவன் புலம்பியபோது, 7,000 பேர் இருக்கிறார்கள் என்று கணக்கைத் திருத்தினார், எலிசாவைத் துணைக்குக் கொடுத்தார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல், சரியாகக் கையாளப்படாத நீடித்த வேலை அழுத்தத்தால் வரும் சோர்வுக்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையின்மேல் ஒரு விலகலும் கசப்பும் வருவது, திறமை குறைந்ததுபோல ஆவது. எலியாவின் வார்த்தைகளில் மூன்றையும் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றும். அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். நீங்கள் சொன்ன 11 மணி நேரத்தை ஐந்து நாளால் பெருக்கினால் சரியாக 55. சபை வேலையை நான் இன்னும் சேர்க்கவில்லை. தூக்கம் கெட்டிருந்தால், காரணமில்லாமல் அழுகை வந்தால், ஜெபித்துக்கொண்டே மருத்துவரையும் பாருங்கள். எலியாவுக்கு வந்த அடையைப் போல அதுவும் தேவன் அனுப்பும் உதவிதான்.

சபை வேலையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் நான் விழுந்த இடம் அது. பல ஆண்டுகள் அலுவலகத்தில் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. கிளம்பி நேராகச் சபைக்குப் போவேன். ஒருநாள் என் மனைவி கோபமே இல்லாமல் சொன்னாள்: "வாரத்துல ஞாயித்துக்கிழமைதாங்க நீங்க ரொம்பக் களைச்சுப்போய் இருக்கீங்க." ஓய்வுநாளில் வீட்டிலேயே அதிகமாகக் களைத்தவன் நான். ஊழியம் என்று பெயர் வைத்ததால் அதுவும் வேலைதான் என்பது என் கண்ணில் படவில்லை.

மோசேக்கும் இதுவே நடந்தது என்பது பிறகுதான் என் கண்ணில் பட்டது. யாத்திராகமம் 18-ல் எத்திரோ மருமகனுக்குச் சொன்ன ஆலோசனை எல்லாருக்கும் தெரியும்: எல்லா வழக்கையும் நீயே தீர்க்காதே, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வை. அந்த அதிகாரத்தின் தொடக்கத்தை நாம் வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம். எத்திரோ தனியாக வரவில்லை. திருப்பி அனுப்பப்பட்டிருந்த மோசேயின் மனைவி சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். செங்கடல் பிளந்ததிலிருந்து மன்னா பொழிந்தது வரை எதிலும் அவர்களைப் பற்றிய பேச்சே இல்லை. இப்போது குடும்பம் வந்து சேர்ந்திருக்கிறது. மறுநாள் மோசே என்ன செய்தார்? நியாயம் விசாரிக்க உட்கார்ந்தார், காலமே தொடங்கிச் சாயங்காலம்வரைக்கும். அதைப் பார்த்துத்தான் மாமனார், "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். மகளைப் பெற்ற ஒரு தகப்பனின் வார்த்தையாகவும் அதை நான் வாசிக்கிறேன். வேதம் அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை, இது என் வாசிப்பு. ஆனால் மோசே செய்துகொண்டிருந்தது முழுக்க முழுக்கத் தேவனுடைய வேலை என்பதையும், அது நல்லதல்ல என்று சொல்லப்பட்டதையும், மோசே அதைக் கேட்டு மாற்றிக்கொண்டதையும் வேதம் தெளிவாகவே சொல்கிறது. "நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்" என்ற எச்சரிக்கையில் ஜனங்களும் இருக்கிறார்கள் பாருங்கள். நீங்கள் எல்லாவற்றையும் சுமந்தால் உங்களுக்காகக் காத்து நிற்கிறவர்களும் தொய்ந்துபோவார்கள்.

ஆகவே போதகரிடம் பேசுங்கள். பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, கூட்டம் இந்த மூன்றில் ஒன்றை வைத்துக்கொள்கிறேன், இரண்டை விடுகிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எதை வைத்துக்கொள்வது என்றால், செய்து முடித்த பிறகும் உங்களுக்குச் சந்தோஷம் மிஞ்சுகிற ஒன்றை. நீங்கள் விலகினால் காலியாகும் இடம் யாரோ ஒருவருக்கு வாசலாக இருக்கலாம். மேய்ப்பராக இருக்கிறவர் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். வருத்தப்பட்டால் எத்திரோவின் கதையை அவருக்கும் மரியாதையாக நினைப்பூட்டலாம்.

இயேசுவே "முடியாது" என்று சொன்ன இடம் மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. கப்பர்நகூமில் முந்தின நாள் சாயங்காலம் பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள், பலரைக் குணமாக்கினார். மறுநாள் இருட்டோடே எழுந்து தனியாகப் போய் ஜெபித்துக்கொண்டிருந்தவரைச் சீமோன் தேடிப்பிடித்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்றான். தேடினவர்களின் தேவை பொய்யான தேவையில்லை. ஆனாலும் அவர் அடுத்த ஊர்களுக்குப் போனார். தேவைகள் எல்லாமே அழைப்பு ஆகிவிடாது. கடைசியில் யோவான் 17-ல், நீர் எனக்கு நியமித்த கிரியையைச் செய்து முடித்தேன் என்று பிதாவிடம் சொன்னபோது, தேசத்தில் குணமாகாத நோயாளிகள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். நியமிக்கப்பட்டது முடிந்திருந்தது, அவருக்கு அது போதும். மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மாற்கு 6-ல் சீஷர்களை "சற்றே இளைப்பாறும்படி" அழைத்துப் போனபோது ஜனம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றைக்கு அவர் மனதுருகி அவர்களுக்கு உபதேசம் செய்தார். ஓய்வு கலைந்துபோகிற நாட்களும் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல், வேலையில் நிஜமான ஒரு அவசரம். அப்போது சட்டம் பார்க்காதீர்கள். மனுஷனுக்காகத்தானே ஓய்வுநாள் உண்டாக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமையே ஓய்வெடுக்க வேண்டுமா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அதற்குள் நான் போகவில்லை. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-ல் ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கியபோதே விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்தார். செவிலியர், ஓட்டுநர், இரவுப் பணிக்காரர் எல்லாருக்கும் ஒரே நாள் வாய்க்காது. ஆனால் வீட்டார் எல்லாரும் சேர்ந்து நிற்கிற ஒரு நேரம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சோவியத் ஒன்றியத்தில் 1929-ல் பொதுவான ஞாயிறை எடுத்துவிட்டு, ஆளுக்கொரு நாளாக விடுமுறையைப் பிரித்துக் கொடுத்தார்கள். தொழிற்சாலை நிற்காமல் ஓட வேண்டும் என்பது திட்டம். கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறொரு நாள், பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை இன்னொரு நாள். விடுமுறையின் எண்ணிக்கை கூடியும் ஜனங்கள் வெறுத்தார்கள். கடைசியில் 1940-ல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு விடுமுறையும் திரும்பி வந்தன. இன்றைக்கு ஒரே வீட்டில் ஆளுக்கொரு திரையோடு உட்கார்ந்திருக்கும்போது அரசாங்க உத்தரவு இல்லாமலேயே நாமும் அதைச் செய்துகொள்கிறோம்.

அலுவலகத்தில் எப்படித் தொடங்குவது? நெகேமியா 13-ஐப் பாருங்கள். ஓய்வுநாளுக்கு முன்னே மாலை மயங்கும்போதே எருசலேமின் கதவுகளைப் பூட்டச் சொன்னார். வியாபாரிகள் ஒன்றிரண்டு தரம் சரக்கோடு மதிலுக்கு வெளியே வந்து படுத்துக்கிடந்தார்கள். எப்படியும் திறந்துவிடுவார் என்ற எதிர்பார்ப்பாக இருக்கலாம். அவர் திறக்கவில்லை, எச்சரித்தார், அப்புறம் அவர்கள் வரவில்லை. நீங்களும் ஒரு நேரம் குறித்து, மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி, அதன்பிறகு வரும் செய்திகளுக்கு மறுநாள் காலை பதில் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் செய்திகள் மதிலுக்கு வெளியே காத்துக்கிடக்கும், உங்கள் மனம் அங்கேயே நிற்கும். அந்த வாரங்களைத் தாண்டுவதுதான் கஷ்டம். வேலை நேரத்துக்குள் முழு மனதோடு உழைத்தால் அதுவே நல்ல சாட்சி. உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் இருந்தால் இரவில் அவர்களுக்குச் செய்தி அனுப்பாதீர்கள். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல" இளைப்பாறட்டும் என்கிறது உபாகமம். கடன், வாடகை, ஒரே சம்பளம் என்ற நெருக்கடியில் வேலையைக் குறைக்கவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் யாரும் இந்த வசனங்களைச் சுமத்தக் கூடாது. அந்த வீட்டுப் பிள்ளைகளை ஒரு மாலை பார்த்துக்கொள்வதும், ஒரு வேளைச் சாப்பாடு செய்துகொடுப்பதும் சபையின் கடமை.

லூக்கா 10-ல் தங்கை மரியாள் உதவவில்லை என்று இயேசுவிடம் புகார் சொன்ன மார்த்தாளை நினைத்துப் பயப்படாதீர்கள். "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்று அவளிடம் சொன்ன இயேசு, சமைப்பதை விட்டுவிடு என்று சொல்லவில்லை. யோவான் 12-ல் பெத்தானியாவில் விருந்து நடக்கும்போதும் மார்த்தாள் பணிவிடை செய்துகொண்டுதான் இருக்கிறாள். இந்த முறை புகார் இல்லை, கலக்கம் இல்லை, அதே கைகள், அதே வேலை. கூடத்தில் மரித்து உயிரோடு எழுந்த சகோதரன் லாசரு உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் போகவேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

"என்னைத் திராட்சத்தோட்டங்களுக்குக் காவற்காரியாக வைத்தார்கள்; என் சொந்தத் திராட்சத்தோட்டத்தையோ நான் காக்கவில்லை" என்று உன்னதப்பாட்டில் ஒரு பெண் சொல்கிறாள். உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு இந்த வசனம்தான் நினைவுக்கு வந்தது. தன் வீட்டாரை விசாரியாமற்போகிறவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 கடுமையாகச் சொல்கிறது. அதைச் சம்பாதித்துப் போடுவதற்கான வசனமாகவே நாம் பயன்படுத்துகிறோம். நம் வேதாகமத்தில் இருக்கும் சொல் "விசாரிப்பது". பக்கத்தில் உட்கார்ந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கும் நாம் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். இந்த வாரம் ஒரு மாலை, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, கணவரையும் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக விசாரியுங்கள். அம்மா வீட்டில் எப்படி இருக்கிறேன் என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை எதற்கும் விளக்கம் சொல்லாதீர்கள். எந்த ஊழியத்தை விடுவது, எந்த நேரத்தில் கதவைப் பூட்டுவது என்பதற்கு அவர்கள் சொல்வதிலிருந்தே உங்களுக்கு வழி தெரிய ஆரம்பிக்கும். போதகரிடமும் மேலாளரிடமும் அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.